சொந்தமாகத் தளம் கட்டும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மண்டபத்தில் இருந்தபடி உங்கள் இணையதளங்களுக்கு இடமும் பெயரும் பதிவு செய்து கொடுத்து வரும் நாங்கள், வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறை, புதுப்பிக்க வேண்டிய தேதியை நினைவூட்டுவதற்குத்தான் எழுதுவோம். இந்த முறை எழுதுவது வேறு காரணத்துக்காக. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடந்த 61 நாட்களில், கடலுக்குப் போகாத பொழுதைத் தளத்தைத் திருத்துவதில் கழித்தவர்களும், கோடை விடுமுறையில் இருந்த மாணவர்களுமாகப் பலர் "நேற்று வரை நன்றாக இருந்தது" என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வந்தீர்கள். பார்த்துக் கொடுக்கும் கூலியாக ஒவ்வொருவரிடமும் 300 ரூபாய் வாங்கினோம். பிறகு குறிப்பேட்டைப் புரட்டியபோது, அதில் பெரும்பகுதி, தேட வேண்டிய இடம் தெரிந்திருந்தால் நீங்களே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கக் கூடிய பிழைகளுக்கு வாங்கியது என்று தெரிந்தது. அது எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

குறிப்பேட்டில் நாங்கள் கண்டது இதுதான்: நீங்கள் எழுதிய நிரல் தவறாக இருந்தது சில முறைதான். வீட்டுக் கணினியில் ஒழுங்காக ஓடிய தளம், தளங்களை இணையத்தில் காட்டும் கணினியான எங்கள் சர்வருக்கு ஏற்றப்படும் வழியில்தான் பெரும்பாலும் கெட்டிருக்கிறது. ஆனால் வந்தவர்களில் அநேகர், பிழை நிரலில் இருப்பதாக நினைத்து, நல்ல நிரலையும் நாலு இடத்தில் மாற்றிவிட்டுத்தான் வந்தார்கள். முதலில் இருந்த பிழையைவிட அந்தத் திருத்தங்களைக் கழற்றுவதே எங்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நம் கடற்கரையில் கிடைக்கும் மீன்களைப் படத்தோடு தொகுத்து வருகிறார். சீலாவும் விளைமீனும் தெரிந்தன. சூடையின் படம் மட்டும் வரவில்லை. அந்தப் பக்கத்தை மூன்று முறை புதிதாக எழுதிப் பார்த்திருக்கிறார். நாங்கள் அவருடைய மடிக்கணினியில் எஃப்12 விசையை அழுத்தி, பக்கம் கேட்கும் கோப்புகளைப் பட்டியலிடும் நெட்வொர்க் என்ற பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றச் சொன்னோம். சிவப்பு நிறத்தில் ஒரே ஒரு வரி வந்தது, அருகில் 404 என்ற எண்ணோடு. கேமராவிலிருந்து இறக்கிய கோப்பின் பெயர் ஜேபிஜி என்று பெரிய ஆங்கில எழுத்துகளில் முடிந்திருந்தது. இணையப் பக்கத்தின் நிரலில் அவர் அதைச் சிறிய எழுத்துகளில் எழுதியிருந்தார். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். எங்கள் சர்வரில் இருப்பது லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம். அதற்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். கோப்புப் பெயர்களை எப்போதும் சிறிய ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடுவில் இடைவெளி வேண்டாம். தமிழில் பெயர் வைப்பது தவறில்லை என்றாலும், ஜிப் கோப்பாகக் கட்டி ஏற்றும்போது அந்தப் பெயர்கள் சிதைவதைப் பலமுறை பார்த்துவிட்டோம். சிவப்பு வரியில் உள்ள முகவரி சி டிரைவ் என்று தொடங்கினால், படம் இன்னும் உங்கள் கணினியிலேயே இருக்கிறது என்று பொருள். உங்கள் கணினியில் உள்ள பக்கத்தை நேராகத் திறந்தால் அது தெரியும், இணையத்தில் பார்க்கும் வேறு யாருக்கும் தெரியாது.

எஃப்12 விசையை நாங்கள் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 404 என்றால் கோப்பு அந்த இடத்தில் இல்லை. 403 என்றால் கோப்பு இருக்கலாம், பார்க்க அனுமதி இல்லை. 500 என்றால் சர்வர் பக்கத்து நிரல் நடுவில் முறிந்துவிட்டது, அதன் காரணம் உங்கள் கணக்கில் உள்ள பிழைப் பதிவில் எழுதப்பட்டிருக்கும். எந்த எண் என்று தெரிந்துவிட்டால், எதைத் தொடக்கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது தமிழ் எழுத்துச் சிக்கல். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் எங்கள் தவறும் ஒன்று உண்டு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்துவிட்டது. அந்த எண்களைக் கோப்பில் எழுதிவைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் (கணினி நினைவின் சிறு அலகுகள்) செலவாகும். "மீன்" என்ற சொல்லில் ம, ஈகாரக் குறி, ன, புள்ளி என நான்கு குறிகள் இருப்பதால் அதற்குப் பன்னிரண்டு பைட்டுகள் ஆகின்றன. உலாவி இதை அறியாமல் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படித்தால், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் அடைபட்ட ஆர் எழுத்தும் திரை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் உங்கள் தமிழ் அப்படியே பத்திரமாக இருக்கிறது. கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, எழுத்துமுறை எது என்று உலாவிக்கு அதே பெயரைச் சொல்லும் சார்செட் வரியைப் பக்கத்தின் தலைப்பகுதியில், முதல் 1024 பைட்டுகளுக்குள் வருமாறு வைத்தால் சரியாகிவிடும்.

தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறியாக நின்றால் கதை வேறு. தமிழை ஏற்காத ஒரு தரவுத்தள அட்டவணையில் எழுதப்பட்டபோதே எழுத்துகள் தொலைந்துவிட்டிருக்கக்கூடும். அப்படியானால் அவற்றை நிரல் எழுதி மீட்க முடியாது. நகல் இருந்தால்தான் உண்டு. சென்ற ஆண்டு தரவுகளைப் புதிய கணினிக்கு மாற்றியபோது, ஒரு வாடிக்கையாளரின் தரவுத்தளத்தை, மைஎஸ்கியூஎல் என்ற மென்பொருளில் இருந்ததை, எழுத்துமுறையைக் குறிப்பிடாமல் ஏற்றிவிட்டோம். அவர் சேர்த்து வைத்திருந்த கட்டுரைகள் அனைத்தும் கேள்விக்குறிகளாயின. அவர் பென்டிரைவில் ஒரு நகல் வைத்திருந்ததால் தப்பித்தோம். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டோம், இப்போது உங்கள் அனைவரிடமும் அதைத் தெரிவிக்கிறோம். தரவுத்தளத்தில் புதிதாக அட்டவணை அமைப்பவர்கள் யூடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துமுறையையே தேர்ந்தெடுங்கள். மைஎஸ்கியூஎல்லில் வெறும் யூடிஎஃப்8 என்று இருப்பது ஒரு குறிக்கு மூன்று பைட் வரைதான் கொள்ளும். தமிழுக்கு அது போதும் என்பதால் மாதக்கணக்கில் குறை தெரியாது. ஒரு நாள் யாராவது சிரிக்கும் முகம் ஒன்றை இட்டு வாழ்த்து எழுதினால், அதற்கு நான்கு பைட் வேண்டியிருப்பதால், அந்தப் பதிவு ஏறாது, அல்லது அந்த இடத்தோடு அறுந்து நிற்கும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளுக்கு இவை எதுவும் பொருந்தாது. அவை உள்ளுக்குள் ஆங்கில எழுத்துகள்தான், முதலில் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

"மாற்றினேன், மாறவில்லை" என்று வருபவர்களுக்கு: உலாவி பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் பழைய சிஎஸ்எஸ் கோப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அதையே காட்டுகிறது. கன்ட்ரோலையும் எஃப்5-ஐயும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பார்வையாளர்களுக்கும் புதியது போய்ச் சேர வேண்டுமானால், பக்கத்தில் அந்தக் கோப்பின் பெயருக்குப் பின் ஒரு கேள்விக்குறியிட்டு ஓர் எண்ணைச் சேர்த்து, மாற்றும்போதெல்லாம் அந்த எண்ணைக் கூட்டுங்கள்.

கைபேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றும் வழக்கத்தை நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். 12 மெகாபிக்சல் படம் 4000 பிக்சல் அகலம், நான்கைந்து எம்பி எடை. அப்படி முப்பது படம் வைத்த பக்கம், சிக்னல் ஏறி இறங்கும் தனுஷ்கோடியில் திறப்பதற்குள் பார்ப்பவர் போய்விடுவார். அகலத்தை 1200 ஆகக் குறைத்தாலே போதும். கைபேசியில் எழுத்து எறும்பு போலத் தெரிந்தால், திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கத்தைக் காட்டச் சொல்லும் வியூபோர்ட் வரி விடுபட்டிருக்கும். அது இல்லாதபோது கைபேசி உலாவிகள் பக்கத்தை 980 பிக்சல் அகலமாக எண்ணிக்கொண்டு சுருக்கிக் காட்டுகின்றன.

தொடர்புப் படிவத்தில் எழுதியவை மின்னஞ்சலாக வந்து சேரவில்லை என்ற குறையும் அடிக்கடி வருகிறது. அனுப்புநர் இடத்தில் பார்வையாளரின் ஜிமெயில் முகவரியை வைத்தால், எங்கள் சர்வர் ஜிமெயிலின் பெயரில் கடிதம் போடுவதாகிறது. பெறும் பக்கம் அதைப் போலி என்று ஒதுக்குவது நியாயம்தான். அனுப்புநராக உங்கள் தளத்தின் முகவரியையும், பதில் அனுப்ப வேண்டிய முகவரியாகப் பார்வையாளருடையதையும் வையுங்கள்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, எஃப்12 திரையின் படம் ஒன்றும், கடைசியாக எதை மாற்றினீர்கள் என்ற ஒரு வரியும் கொண்டு வருபவர்களுக்கு, இந்த மடலில் உள்ள பிழைகளைக் கூலி இல்லாமல் பார்த்துக் கொடுப்போம். தரவுத்தளத்தை மீட்பதற்கும், புதிதாகப் படிவம் எழுதிக் கொடுப்பதற்கும் 300 ரூபாய் கூலி தொடரும். தரவுத்தளம் வைத்திருப்பவர்கள் ஒரு பென்டிரைவ் கொண்டு வந்தால், நகல் எடுத்து அதில் போட்டுத் தருகிறோம். அதற்கும் கூலி இல்லை. இவற்றுக்கு வெள்ளிக்கிழமைகளில் மட்டும், மாலை நான்கு மணிக்கு மேல் வரவும்.

இப்படிக்கு,
தங்கள் கடையினர்,
மண்டபம்.