விதியை முதலில் சொல்லுங்கள், மார்க்கைப் பிறகு கூட்டுங்கள்: நுழைவுத் தேர்வு ஆணையருக்கு எல்லையிலிருந்து ஒரு திறந்த மடல்

கேரள அரசின் நுழைவுத் தேர்வு ஆணையர் அவர்களுக்கும் உயர்கல்வித் துறையினருக்கும்,

வணக்கம். இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியிலேயே எழுத்துப் போக்குவரத்து வைத்துக்கொள்ளலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் இன்னமும் 'சார்'தான். ரேங்க் வந்தாலும் வராவிட்டாலும் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள்.

2025 ஜூலையில் கீம் (KEAM) என்னும் கேரள நுழைவுத் தேர்வின் பொறியியல் ரேங்க் பட்டியல் பத்தே நாளில் இரண்டு முறை வெளியானது. ஜூலை 1ஆம் தேதி ஒன்று. மார்க்கைச் சமன்படுத்தும் முறையை மாற்றி, அன்றைக்கே பட்டியலையும் போட்டீர்கள். 9ஆம் தேதி உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை ரத்து செய்தார். மறுநாள் டிவிஷன் பெஞ்சும் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது. அன்று மாலையே பழைய முறையில் புதுப் பட்டியல். முதல் ரேங்கே வேறொரு பிள்ளைக்குப் போனது. 16ஆம் தேதி உச்ச நீதிமன்றமும், இந்த ஆண்டுச் சேர்க்கையில் தலையிடுவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. முதல் பட்டியலைப் பார்த்து லட்டு வாங்கிக் கொடுத்த வீடுகள் இந்தத் தாலுகாவிலும் இருக்கின்றன. இரண்டாவது பட்டியலில் மேலே ஏறிய பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டிலேயே ஒரு பேரன் சிபிஎஸ்இ, ஒரு பேத்தி ஸ்டேட் சிலபஸ். யார் பக்கம் பேசினாலும் எனக்கு ஒரு வேளைச் சோறு போய்விடும்.

எந்தச் சூத்திரம் சரி என்று வாதாட நான் வரவில்லை. இரண்டிலுமே கோளாறு இருக்கிறது. கணக்கு வாத்தியார் என்பதால் அதைக் கொஞ்சம் பிரித்துக் காட்டிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீம் ரேங்க் இரண்டு பாதிகளால் ஆனது. என்ட்ரன்ஸ் மார்க்குக்கு 300, பிளஸ் டூ கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க்குக்கு 300. ஆக 600. சண்டை முழுக்க இரண்டாவது பாதியில்தான். ஒவ்வொரு போர்டும் ஒவ்வொரு விதமாக மார்க் போடும். ஸ்டேட் சிலபஸில் கணக்கின் நூறில் 20 மார்க் தொடர் மதிப்பீடு, அதாவது பள்ளியிலேயே போடுவது. அந்த இருபதைப் பெரும்பாலும் முழுசாகவே போட்டுவிடுகிறோம், இது ஊரறிந்த ரகசியம். 2021இல் பத்தாம் வகுப்பு எஸ்எஸ்எல்சியில் ஃபுல் ஏ பிளஸ், அதாவது எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ், வாங்கியவர்கள் 1,21,318 பேர், அடுத்த வருடம் 44,363. ஒரே வருடத்தில் பிள்ளைகளின் மூளையா சுருங்கிவிட்டது? கோவிட் காலத்துத் தேர்வின் தாராளம் போனது, அவ்வளவுதான். அதே 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் நூற்றுக்கு நூறு வைத்திருந்த கேரளப் பிள்ளைகள் குவிந்தபோது வடக்கே பெரிய சர்ச்சை கிளம்பியது. 2022இல் அங்கே சேர்க்கைக்குப் பொது நுழைவுத் தேர்வே வந்துவிட்டது. ஆகவே மார்க்கைச் சமன்படுத்தத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பழைய முறை ஒவ்வொரு போர்டின் சராசரியையும், மார்க்குகள் அதிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தையும் பார்க்கும். போர்டின் சராசரி உயர்ந்திருந்தால் அதன் பிள்ளைகளின் மார்க் கீழே இழுபடும். போர்டு தாராளமாக இருந்தால் இழுப்பது நியாயம்தான். ஆனால் தாராளமே இல்லாத ஒரு பள்ளியில் முட்டி மோதி 95 வாங்கிய பிள்ளைக்கும் அதே வெட்டு விழும். ஜூலை 1 அன்று வந்த முறை வேறு. ஒவ்வொரு போர்டிலும் அந்தப் பாடத்தில் யார் அதிகம் வாங்கினாரோ அவர் மார்க்கை நூறாக வைத்துக்கொண்டு மற்றவர்கள் மார்க்கை அதற்கேற்ப ஏற்றுவது. ஒரு போர்டில் உச்ச மார்க் 95 என்றால் அங்கே 76 வாங்கிய பிள்ளைக்கு 80. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் லட்சக்கணக்கான பேர் எழுதும் போர்டில் யாராவது ஒரு பிள்ளை நூறு வாங்காமலா போகும்? எல்லா போர்டிலும் உச்சம் நூறு என்றால் நூறால் வகுத்து நூறால் பெருக்குகிறோம். போன மார்க் அப்படியே திரும்பி வரும். சமன்படுத்துகிறோம் என்று பெயர், நடப்பது ஒன்றுமில்லை.

இன்னொரு மாற்றம் பலர் கண்ணில் படாமலே போனது. பிளஸ் டூவின் மூன்று பாடங்களுக்கும் அதுவரை சம எடை. அதை 5:3:2 ஆக்கினீர்கள். கணக்குக்கு 150, இயற்பியலுக்கு 90, வேதியியலுக்கு 60. என்ட்ரன்ஸிலும் கேள்விகள் 75, 45, 30 என்று இதே விகிதத்தில்தான் வருகின்றன, ஆகவே யோசனையில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். ஒரு பிள்ளை கணக்கில் 98, இயற்பியலில் 84, வேதியியலில் 90. பக்கத்து பெஞ்சுப் பிள்ளை கணக்கில் 84, இயற்பியலில் 90, வேதியியலில் 98. சம எடையில் இருவருக்கும் 272. புது எடையில் முதல் பிள்ளைக்கு 276.6, இரண்டாவது பிள்ளைக்கு 265.8. பத்து மார்க்குக்கு மேல் வித்தியாசம். பட்டியலின் நடுவில் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் பத்து மார்க் என்றால், ஸ்ரீகிருஷ்ணபுரம் அரசுக் கல்லூரியா, சுயநிதிக் கல்லூரியா என்பதே மாறிவிடும்.

அந்த இரண்டாவது பிள்ளைக்குப் பிளஸ் ஒன் சேரும்போதே இந்த எடை தெரிந்திருந்தால்? கணக்கில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருக்கும். வேதியியலில் 98ஐத் துரத்தியிருக்காது. தேர்வு முடிந்து, மார்க் வந்து, எல்லாம் ஆன பிறகு எடையை மாற்றினால் அந்தப் பிள்ளை என்ன செய்ய முடியும்? கீம் விளக்கக் குறிப்பேட்டிலேயே (பிராஸ்பெக்டஸ்) 'தேவைப்பட்டால் மாற்றுவோம்' என்று ஒரு வாசகம் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில்கூட அப்படி ஒரு வரி போட்டால் எங்கள் ஊரில் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

இதில் எல்லைப் பிள்ளைகளுக்கு என்ன தனிச் சங்கடம் என்று நீங்கள் கேட்கலாம்.

எங்கள் தாலுகாவிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்துக்குள் மூன்று வாசல்கள், மூன்றுக்கும் மூன்று விதமான பூட்டு. கஞ்சிக்கோட்டில் ஐஐடி இருக்கிறது. அங்கே ஜேஇஇ ரேங்க்தான் பேசும், பிளஸ் டூவில் 75 சதவீதமோ போர்டின் மேல் 20 பெர்சென்டைலுக்குள் ஓர் இடமோ இருந்தால் போதும், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 65 சதவீதம். மேற்கே திருச்சூர் போனாலும் ஸ்ரீகிருஷ்ணபுரம் போனாலும் கீமின் பாதிக்குப் பாதி. கிழக்கே கோயம்புத்தூர் போனால் நுழைவுத் தேர்வே கிடையாது. 2007லிருந்து தமிழ்நாட்டில் பொறியியலுக்குப் பிளஸ் டூ கட்-ஆஃப்தான்: கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது, மொத்தம் இருநூறு. மேலே சொன்ன அதே இரண்டு பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் ஒருவருக்கு 185, மற்றவருக்கு 178. அங்கேயும் கணக்குக்கு இரட்டை எடைதான். ஆனால் அது பொள்ளாச்சியில் எட்டாவது படிக்கும் பிள்ளைக்கே தெரியும். வருடக்கணக்காக மாறவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கூட கட்-ஆஃப் போட்டுச் சொல்லிவிடுவார்.

இந்த மூன்றில் எந்த வாசலுக்குப் போவது என்பதை எங்கள் ஊர்ப் பெற்றோர் பிளஸ் டூ முடிந்தா முடிவு செய்கிறார்கள்? இல்லை. ஏழாவது முடியும்போதே பேச்சு ஆரம்பித்துவிடும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்குப் போக அங்கத்திய பூர்வீகச் சான்று வேண்டும், இல்லையென்றால் எட்டு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்திருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கேரளத்தில் இருப்பவர்களுக்குப் பூர்வீகச் சான்று எங்கே கிடைக்கும்? ஆகவே எட்டாம் வகுப்பிலேயே பையனை எல்லையிலுள்ள கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் சேர்ப்பதா, இங்கேயே தமிழ் மீடியத்தில் விடுவதா, கடன் வாங்கி சிபிஎஸ்இயில் போடுவதா என்று குடும்பமே உட்கார்ந்து கணக்குப் போடும். அப்பா பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தாலும் முதலமடை மாந்தோப்பில் இருந்தாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான். பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும்போது எடுக்கும் முடிவை, அதே பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போது ஒரே அரசாணையில் புரட்டிப்போட்டால் எப்படி?

இங்கேயே இருந்துவிட்ட தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்தாவது வரை எல்லாப் பாடமும் தமிழில். ஜூன் மாதம் பிளஸ் ஒன் வகுப்பில் போய் உட்கார்ந்தால் புத்தகம் ஆங்கிலம், பாடம் நடத்துவது மலையாளம். பிள்ளை மனசுக்குள் போடும் கணக்கோ தமிழில்தான் ஓடும். முதல் டெர்ம் முழுக்க திணறுவார்கள். ஓணப் பரீட்சை மார்க்கைப் பார்த்துவிட்டு காமர்ஸுக்கு மாறிவிடலாமா என்று என்னிடம் வந்து நிற்பார்கள். பொறு, கிறிஸ்துமஸ் வரைக்கும் பார் என்று பிடித்து வைப்பேன். பெரும்பாலும் பிளஸ் டூ வருவதற்குள் கரையேறிவிடுவார்கள். மெதுவாகப் பிடிக்கும் பிள்ளைகள் இவர்கள், ஆனால் பிடித்தால் விடாதவர்கள். இரண்டு வருட உழைப்புக்கு மதிப்பு வைக்கும் அந்தப் பிளஸ் டூ 300 மார்க்தான் இவர்களுக்கான இடம்.

என்ட்ரன்ஸ் பக்கத்து 300 வேறு ஜாதி. மூன்று மணி நேரத்தில் 150 கேள்வி, ஒரு கேள்விக்கு 72 விநாடி. சரிக்கு நான்கு, தப்புக்கு ஒன்று கழிவு. 2024 முதல் எல்லாமே கம்ப்யூட்டர் திரையில். கேள்விகள் ஆங்கிலத்தில். நீட்டும் ஜேஇஇ மெயினும் தமிழ், மலையாளம் உட்பட 13 மொழிகளில் நடக்கும்போது சொந்த மாநிலத்தின் தேர்வுக்கு மட்டும் இந்த வறட்சி ஏன் என்பது எனக்கு இதுவரை விளங்கவில்லை. இந்த வேகம் பயிற்சியால் வருவது. பயிற்சி கோட்டயம் மாவட்டத்துப் பாலாவிலும் திருச்சூரிலும் ஹாஸ்டல் கட்டணத்தோடு விற்கிறது. ரிப்பீட்டர் பேட்சில் இன்னொரு வருடம் உட்காரப் பண இருப்பும் பொறுமையும் உள்ள வீட்டுக்கு அது வசதி. பிளஸ் டூ பாதியைச் சுத்தமாக எடுத்துவிட்டு என்ட்ரன்ஸை மட்டும் வைத்தால் போர்டுச் சண்டையே இருக்காது என்று இப்போது சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். சண்டை ஓயும், உண்மைதான். எங்கள் பிள்ளைகளும் பட்டியலில் இருந்து ஓய்ந்துவிடுவார்கள். அந்த யோசனைக்குத் தயவுசெய்து காது கொடுக்க வேண்டாம்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. எந்தச் சூத்திரம் வேண்டுமானாலும் வையுங்கள், அதை முடிவு செய்ய நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பேட்ச் பிளஸ் ஒன்னில் காலெடுத்து வைக்கும் நாளில் என்ன விதியோ, அந்தப் பேட்ச் கீம் எழுதி ரேங்க் வாங்கும் வரை அதே விதி இருக்கட்டும். மாற்றம் அவசியம் என்றால் அடுத்து வரும் பேட்சிலிருந்து மாற்றுங்கள். விதியைச் சொல்லும்போது, மேலே நான் காட்டியதுபோல் இரண்டு மூன்று பிள்ளைகளின் மார்க்கை எடுத்து ஒவ்வொரு படியாகக் கணக்கிட்டுக் காட்டி, மலையாளத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடுங்கள். அக்ஷயா என்னும் அரசு இணையச் சேவை மையத்தில் விண்ணப்பம் போடும் அண்ணனுக்கே அந்தச் சூத்திரம் புரியாதபோது கூலி வேலைக்குப் போகும் அம்மாவுக்கு எப்படிப் புரியும்? ரேங்க் வந்த அன்று, எந்தப் போர்டுக்கு எந்தச் சராசரி, எந்தத் திட்ட விலக்கம் எடுத்தீர்கள் என்பதையும் பட்டியலோடு சேர்த்துப் போடுங்கள். ஒரு பிள்ளை தன் ரேங்க் எப்படி வந்தது என்று தானே போட்டுப் பார்க்க முடிய வேண்டும். வழியை மறைத்து விடையை மட்டும் எழுதினால் நாங்கள் பரீட்சையில் பாதி மார்க்தான் போடுவோம்.

2025 ஜூனில் பிளஸ் ஒன் சேர்ந்த பிள்ளைகள் 2027இல் கீம் எழுதுவார்கள். இந்த வரிகளை எழுதும்போது ஓணப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த எடை, எந்தச் சமன்பாடு என்பதை இந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் ஓர் அரசாணையாக வெளியிட்டுவிடுங்கள். பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வேலையை என் பழைய மாணவர்களை வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.
ஆகஸ்ட் 2025