ஓவர்சியரோடு போகும் விபரங்கள்

ஆசிரியருக்கு,

மலையகப் பிரதேச சபை ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றிய வேலை மேற்பார்வையாளர் (ஓவர்சியர்) ஓய்வு பெற்றது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியை வாசித்தேன். பொன்னாடை, பாராட்டு எல்லாம் சரி, அவருக்குத் தகும். ஆனால் பாதைகளுக்கு அடியே தண்ணீர் போகும் மதகுகள் பற்றி அவர் மனதில் வைத்திருந்த விபரங்கள் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன என்று ஒரு வரியும் இல்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தேயிலைத் தோட்டங்களுக்குச் சபைப் பணத்தைச் செலவு செய்யத் தடையாக இருந்து, 2018இல்தான் திருத்தப்பட்டது. சட்டம் மாறியும், இன்றும் எங்கள் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் எந்த மதகு எங்கே என்று இந்த ஓவர்சியர்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே உள்ள வளைவில் புல் மூடிய சிறு மதகு ஒன்று உண்டு. பழைய ஓவர்சியர் ஐயா ஐப்பசி மழைக்கு முன்பே ஆள் விட்டு, அடைத்திருக்கும் சருகையும் தேயிலைக் குச்சியையும் மண்வெட்டியால் இழுத்துப் போடச் செய்வார். கொட்டும் மழையிலும் டோர்ச் லைட்டோடு வந்து, தண்ணீர் மறுபக்கம் விழுகிறதா என்று குனிந்து பார்ப்பார். அவர் போன பிறகு அதைத் தேடுவாரில்லை. அடுத்த பெருமழையில் தண்ணீர் பாதையை அறுத்துக்கொண்டு லயத்து வாசலுக்கே வந்துவிட்டது. 2014இல் பல உயிர்களைக் காவுகொண்ட மீரியபெத்தைத் தோட்ட மண்சரிவைக் கண்ட மலையகத்தில் இது உயிர் சம்பந்தப்பட்ட விடயம். ஆகவே ஓய்வுக்கு முந்திய ஆறு மாதமாவது, அடுத்து வருபவர் அவரோடு பாதை பாதையாக நடக்க வேண்டும். மதகு, கான் (வடிகால்), ஊற்று ஒவ்வொன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் பதிவேட்டில் எழுதி, ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடமும் கொடுத்து வைக்கலாம்.

வாசகர்,
பொகவந்தலாவை