பெரியமேடு ஸ்டேடியத்தில் காலி நாற்காலிகள், வெளியே எங்கள் பிள்ளைகள்: நான்காவது மனு

அனுப்புநர்:
வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டிக்கொண்டு, சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகள் 14 பேருக்குப் பந்து சொல்லிக்கொடுக்கும் ஒருவன்.

பெறுநர்:
உயர்திரு விளையாட்டுத் துறை உயர் அலுவலர் அவர்கள், சென்னை.

பொருள்: கால்பந்து ஆட்டங்களுக்கு டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போவது, கூட்டம் குறைந்துகொண்டே வருவது, ஒரு கேலரியையாவது 50 ரூபாய்க்குத் திறந்துவிடக் கோருவது தொடர்பாக.

பார்வை: இதே விஷயமாக நான் ஏற்கெனவே கொடுத்த மூன்று மனுக்கள்.

ஐயா,

வணக்கம். இது நான்காவது மனு. முதல் மனுவுக்குப் பதிலே இல்லை. இரண்டாவதுக்கு ஒரு நம்பர் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. மூன்றாவதுக்கு "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு முடிக்கப்பட்டது" என்று வந்தது. என்ன பரிசீலித்தீர்கள், எப்படி முடித்தீர்கள் என்று தெரியவில்லை, டிக்கெட் விலை அப்படியேதான் இருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் வேலைப்பளு எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த முறை நீங்களே படியுங்கள் ஐயா, கீழே யாருக்கும் தள்ளிவிட வேண்டாம்.

எங்கள் ஏரியாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முல்லை நகர் மைதானத்தில் விடிகாலை ஐந்தரைக்கு வந்து பாருங்கள், செருப்பைக் கழற்றிக் கோல் போஸ்ட்டாக வைத்துக்கொண்டு எத்தனை டீம் ஆடுகிறது என்று எண்ணி முடிக்க மாட்டீர்கள். 2018-ல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனலில் பெங்களூரில் போய் 3-2 என்று ஜெயித்துக் கோப்பையைக் கொண்டுவந்த நம் சென்னையின் எஃப்சி அணியில் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் இந்த மண்ணில்தான் ஓடிப் பழகினார். இந்தப் பிள்ளைகளுக்கு அது சாமி கதை மாதிரி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1. 2014-ல் அந்த லீக் தொடங்கிய வருஷம் நான் என் மச்சானோடு பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்குப் போனேன். டிக்கெட்டுக்குக் கொடுத்தது ஒரு சினிமா டிக்கெட் விலைகூட இல்லை. நம் அணியில் ஆடிய பிரேசில்காரர் எலானோ ஃப்ரீ கிக் அடிக்கப் பந்தை வைத்தால் கேலரி மொத்தமும் எழுந்து நிற்கும், பின்னால் இருக்கிறவன் முன்னால் இருப்பவன் தோளைப் பிடித்துக்கொண்டு எம்பிப் பார்ப்பான். அந்த முதல் சீசனில் நாடு முழுக்கச் சராசரியாக ஒரு ஆட்டத்துக்கு 20 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். பின்னால் வந்த சீசன்களில் அது ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. நம் ஊர் ஸ்டேடியத்தில் என் கண்ணால் பார்ப்பது அதைவிட மோசம்.

2. ஏன் குறைந்தது என்று கேட்டால் டிவி என்பார்கள், செல்போன் என்பார்கள், நம்மாளுக்குக் கிரிக்கெட்தான் என்பார்கள். வாரநாளில் ராத்திரி ஏழரைக்கு ஆட்டத்தை வைத்தால் வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான் என்றும் சொல்லலாம், அதுவும் உண்மைதான். 2025-ல் லீக் நடக்குமா நடக்காதா என்று மாதக்கணக்கில் இழுத்தடித்ததில் பாதிப் பேருக்கு ஆர்வமே விட்டுப்போனது. எல்லாம் சரி. ஆனால் வரத் துடிக்கிறவனையே வாசலில் நிறுத்துவது டிக்கெட் விலைதான். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது ஐயா. கூட்டம் குறைவு என்பதால் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கிற மலிவு கேலரியை மூடிவிட்டார்கள். மூடியதால் நடுவில் இருக்கும் விலை கூடின கேலரி மட்டும்தான் மிச்சம். விலை கூடியதால் இன்னும் கூட்டம் குறைந்தது. அடுத்து எதை மூடுவார்களோ.

3. இப்போது நான் சொல்லவந்தது. மற்றதை விட்டுவிட்டாலும் இதை மட்டும் படியுங்கள்.

என்னிடம் ஆடும் 14 பேரும் ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள். ஸ்டேடியத்துக்குப் போய் ஒரு ஆட்டம் பார்க்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். சரி, காசு சேருங்கள், போகலாம் என்றேன். ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஆளுக்குத் தினம் 5 ரூபாய், கிடைத்தபோது போட்டார்கள். சில பேர் டியூஷனுக்கு நடந்தே போய் ஷேர் ஆட்டோக் காசைப் போட்டார்கள், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு மாதம் கழித்து எண்ணினோம், 1,885 ரூபாய். என் ஆட்டோவின் பின் சீட்டில் கொட்டி, ஒரு ரூபாய் தனியாக, இரண்டு ரூபாய் தனியாக அடுக்கி எண்ணினார்கள்.

டிக்கெட் ஒன்று 250. கைக்குழந்தையைத் தவிர எல்லாருக்கும் முழு டிக்கெட். ஆன்லைனில் எடுத்தால்தான் உண்டு, அதற்குத் தனியாக ஃபீஸ். ஏழு டிக்கெட்டுக்கு 1,750, ஃபீஸ் 120, ஆக 1,870. பாட்டிலில் மிச்சம் 15 ரூபாய். அந்தச் சில்லறையை டிக்கெட் விற்கிற ஆப் வாங்காது என்பதால் பால் பூத்தில் கொடுத்து மாற்றி, என் போனில் ஏற்றித்தான் எடுக்கவேண்டியிருந்தது. ஏழு டிக்கெட்டில் ஒன்று எனக்கு, ஏனென்றால் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப முடியாது. அப்போ ஆறு பேர். பதினான்கில் ஆறு.

சீட்டு குலுக்கினோம்.

எங்கள் கோல்கீப்பர் ஒரு பெண் பிள்ளை, பதினோரு வயது, வலது கை க்ளவுஸில் கட்டைவிரல் கிழிந்து டேப் சுற்றியிருக்கும். அவள்தான் பாட்டிலில் ஒருநாள் விடாமல் போட்டவள். சீட்டில் அவள் பெயர் வரவில்லை. அழவில்லை ஐயா, அழுதிருந்தால் என் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நான் வெளியே நின்றிருப்பேனோ என்னவோ. "எனக்கு எப்படியும் ராத்திரி தூக்கம் வந்துடும் அண்ணா, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, போகிறவர்களுக்குத் தலை வாரிவிட்டாள்.

வியாசர்பாடி ஜீவாவில் மின்சார ரயில் ஏறினால் மூர் மார்க்கெட்டுக்குத் தலைக்கு 5 ரூபாய். அங்கிருந்து நடைதான். 5 ரூபாயில் ஸ்டேடியம் வாசல் வரை போய்விடுகிறோம், வாசலைத் தாண்டத்தான் அதைப்போல் ஐம்பது மடங்கு. கேட்டில் தண்ணீர் பாட்டில்களைப் பிடுங்கி ட்ரம்மில் போட்டார்கள். பாதுகாப்பு என்றார்கள், சரி என்று விட்டேன். உள்ளே சின்ன பாட்டில் விற்கிற விலைக்கு வெளியே மூன்று டீ குடிக்கலாம். ஆறு பேரும் இரண்டு பாட்டிலை வைத்துக்கொண்டு மூடியில் ஊற்றி ஊற்றிக் குடித்தார்கள்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் எதிரே பார்த்தால் கேலரி முழுக்கக் காலி. வரிசை வரிசையாக நாற்காலி, ஒரு ஓரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். எங்கள் பக்கமும் அங்கங்கே கொஞ்சம் பேர். பிள்ளைகளில் ஒருவன் கேட்டான்: "அண்ணா, அந்த சீட்டெல்லாம் யாருக்கு?" நான் அவனுக்கு என்ன சொல்லட்டும்? நீங்கள் சொல்லுங்கள் ஐயா, யாருக்கு? எட்டுப் பிள்ளைகள் வியாசர்பாடியில் தெருவிளக்கடியில் உட்கார்ந்து என் போனுக்கு மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், ஸ்கோர் கேட்டு. இங்கே ஆயிரக்கணக்கில் நாற்காலி சும்மா கிடக்கிறது. காலியாகக் கிடக்கிற நாற்காலியில் ஒரு பிள்ளை உட்கார்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அதை யாராவது எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டட்டும், நான் மனு எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன்.

4. வரி ஏறிவிட்டது என்று ஒரு சாக்கு சொல்வார்கள். அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டிகளுக்கு 500 ரூபாய் வரை டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. ஐபிஎல் கதை வேறு, அதற்குத் தனி வரி. எங்கள் 250 ரூபாயில் அந்த வரி ஒரு பைசா இல்லை.

5. இது பிரைவேட் ஆட்கள் நடத்துகிற லீக், விலையில் அரசு எப்படித் தலையிடும் என்று போனமுறை மனு கொடுத்த கவுண்ட்டரில் ஒருவர் கேட்டார். ஸ்டேடியம் யாருடையது ஐயா? அரசுடையது. மக்கள் காசில் கட்டியது. ஒப்பந்தம் போட்டுத்தானே வாடகைக்கு விடுகிறீர்கள். கல்யாண மண்டபத்துக்காரனே இத்தனை மணிக்கு மேல் மைக் கூடாது, இந்த இடத்தில் அடுப்பு வைக்கக் கூடாது என்று பத்துக் கண்டிஷன் போடுகிறான். அரசு ஒரே ஒரு கண்டிஷன் போடக் கூடாதா? ஒரு கேலரி, 50 ரூபாய். வேண்டுமானால் அதற்கு ஈடாக வாடகையில் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள், அவர்கள் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை.

ராத்திரி சவாரி இல்லாத நேரத்தில் நான் இங்கிலீஷ் லீக் பார்ப்பேன். 2016 பிப்ரவரியில் லிவர்பூலில் டிக்கெட்டை 77 பவுண்டு வரை ஏற்றப்போகிறோம் என்றார்கள். சரியாக 77-வது நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே போனார்கள், தங்கள் டீம் 2-0 என்று ஜெயித்துக்கொண்டிருக்கும்போது. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. ஒரு வாரத்துக்குள் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையேற்றத்தை வாபஸ் வாங்கினார்கள். அடுத்த சீசனிலிருந்து வெளியூர் ரசிகர்களுக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று அந்த லீக்கே உச்சவரம்பு வைத்தது. அங்கே பத்தாயிரம் பேர் எழுந்து போனதால் கேட்டார்கள். இங்கே நாங்கள் எழுந்து போக முதலில் உள்ளே வரவேண்டுமே! வராமல் இருப்பதுதான் எங்கள் எதிர்ப்பு, அது உங்கள் கண்ணில் படவே இல்லை. காலி கேலரியை டிவியில் காட்டாமல் கேமராவைத் திருப்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

6. கோபமாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

7. 2015 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கும் மறந்திருக்காது. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அந்த வருஷ லீக்கில் நம் அணியின் அரையிறுதி ஆட்டத்தைச் சென்னையில் நடத்த முடியாமல் புனேயில் நடத்தினார்கள். எட்டு நாள் கழித்து கோவாவில், கோவா அணியோடு ஃபைனல். வீட்டில் டிவி போய்விட்டது, மாடியில் இருந்த ஒருவர் வீட்டில் முப்பது பேர் நெருக்கிக்கொண்டு பார்த்தோம். 87-வது நிமிடத்தில் 1-2 என்று பின்தங்கிவிட்டோம், பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். கடைசி நிமிடங்களில் இரண்டு கோல், நம் அணியின் மென்டோசா அடித்த அந்தக் கடைசி கோலுக்கு அந்த வீட்டு ட்யூப்லைட் கழன்று விழுந்தது. பாய், தலையணை எல்லாம் சேற்றில் போன ஜனங்கள் ஐயா, ரோட்டில் இறங்கி ஆடினார்கள். அந்த ஜனங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். கால்பந்து பார்க்க ஆளில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். ஆள் இருக்கிறது. 250 ரூபாய்தான் இல்லை.

கேட்பது இவ்வளவுதான், திரும்பச் சொல்கிறேன். மூடிவைத்திருக்கும் கேலரி ஒன்றைத் திறந்து 50 ரூபாய்க்கு விடவேண்டும். 14 வயதுக்குக் கீழே பெரியவர்களோடு வந்தால் இலவசமாக விடவேண்டும், முடியாது என்றால் 10 ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டேடியம் வாசலில் சில்லறை வாங்கும் ஒரு கவுண்ட்டர் வேண்டும், ஆன்லைன் ஃபீஸ் இல்லாமல். கேலரிக்குள் குடிதண்ணீர்க் குழாய் வேண்டும், பாட்டிலைப் பிடுங்குகிறவர்கள் தண்ணீர் தரட்டும். நான்கில் மூன்று ஆகாது என்றாலும் முதலாவதைச் செய்யுங்கள். அந்த 50 ரூபாய்க் கேலரியைத் திறந்துவிடுங்கள் ஐயா, வேறு ஒன்றும் வேண்டாம்.

இந்த மனுவையும் "முடிக்கப்பட்டது" என்று அனுப்பிவிட வேண்டாம். முடியாது என்றால் முடியாது என்று ஒரு வரி கையெழுத்தோடு எழுதி அனுப்புங்கள், பிள்ளைகளிடம் காட்டிக்கொள்கிறேன். பாட்டிலில் மறுபடி காசு போட ஆரம்பித்துவிட்டார்கள், இந்த முறை போனவர்கள் போகாதவர்களுக்காகப் போடுகிறார்கள். நேற்று 340 ரூபாய் இருந்தது. அடுத்த ஆட்டத்துக்குள் உங்கள் பதில் வந்தால் நல்லது, வராவிட்டால் மறுபடி சீட்டு குலுக்கவேண்டும், இந்த முறை அதை நான் செய்யமாட்டேன், நீங்கள் வந்து குலுக்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வியாசர்பாடி ஆட்டோக்காரன்

இணைப்பு: பழைய மூன்று மனுக்களின் நகல், இரண்டு எஸ்எம்எஸ்ஸின் பிரிண்ட், ஏழு டிக்கெட்டின் பிரிண்ட், 14 பிள்ளைகளின் கையெழுத்து. கோல்கீப்பர் பெயருக்குப் பக்கத்தில் பந்து வரைந்திருக்கிறாள், அழிக்கச் சொன்னேன், கேட்கவில்லை.