யூரி விளாசோவைப் பற்றி நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். உங்கள் பேரன் பளுதூக்கல் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான் என்ற செய்தி மிகுந்த மகிழ்ச்சி தந்தது. அவனுக்கு சோவியத் பளுதூக்கும் வீரர் யூரி விளாசோவின் கதையைச் சொல்ல வேண்டும், விவரமாக எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். இதைவிட மனத்துக்குப் பிடித்த வேலையை நீங்கள் எனக்குத் தந்திருக்க முடியாது.

அவர் 1935-இல், இன்று உக்ரைனில் இருக்கும் மகேயெவ்காவில் பிறந்தார். தந்தை, போர்க்காலத்தில் சீனக் கம்யூனிஸ்டுகளின் தலைமையிடமான யெனானில் சோவியத் பிரதிநிதியாக இருந்து, பிற்பாடு பர்மாவுக்குத் தூதராகப் போனவர். மகன் சரத்தோவ் நகரின் இராணுவப் பள்ளியிலும் மாஸ்கோவின் ஜுகோவ்ஸ்கி விமானப்படைப் பொறியியல் கழகத்திலும் படித்து 1959-இல் பொறியாளரானார். அதே ஆண்டில் வார்சாவில் உலகச் சாம்பியனும் ஆனார்.

1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் மூக்குக் கண்ணாடியோடு மேடையேறிய அந்த இளைஞர், பளுவைத் தோளிலிருந்து கைகளின் வலுவால் மேலே உயர்த்தும் பிரஸ் பிரிவில் 180, தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்சில் 155, முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 202.5 என மொத்தம் 537.5 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். இரண்டாமிடம் பெற்ற அமெரிக்கர் பிராட்ஃபோர்டு 25 கிலோ பின்தங்கியிருந்தார் என்பதிலிருந்தே அந்த வெற்றியின் அளவு விளங்கும். அடுத்த ஆண்டு வியன்னாவில் அவரை நேரில் கண்டு மனத்தைப் பறிகொடுத்த சிறுவன்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அர்னால்டு ஸ்வார்ஸ்நேகர்.

ஆனால் பேரனுக்கு ரோமைவிட டோக்கியோவைத்தான் நீங்கள் பொறுமையாகச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். 1964-இல் அங்கே அவருக்கு எதிரே நின்றவர் சொந்த அணியைச் சேர்ந்த லியோனித் ஜபோதின்ஸ்கி. பிரஸ்ஸில் 197.5 கிலோ தூக்கி உலகச் சாதனையோடு பத்து கிலோ முன்னே சென்ற விளாசோவ், ஸ்நாட்ச் முடிந்தபோதும் ஐந்து கிலோ முன்னணியில் இருந்தார். கடைசிப் பிரிவில் அவர் 210 தூக்கிவிட்ட நிலையில், மொத்தம் சமமானால் உடல் எடை குறைந்தவருக்கே வெற்றி என்பதால், எடை கூடுதலான ஜபோதின்ஸ்கிக்குச் சமநிலை பயன்படாது, 217.5 தூக்கினால்தான் தங்கம். அவர் அந்த எடைக்குப் போய், முழு மூச்சாக முயலாமல், கம்பியைச் சற்றே இழுத்துவிட்டுக் கைவிட்டார். எதிராளி ஓய்ந்துவிட்டான் என்று நம்பிய விளாசோவ் தம் கடைசி வாய்ப்பில் அதே 217.5-ஐ முயன்று தோற்றார். உடனே திரும்பி வந்த ஜபோதின்ஸ்கி அதைத் தூக்கிக் காட்டி, 572.5-க்கு 570 என்ற கணக்கில் தங்கத்தைப் பறித்துக்கொண்டார். விதிக்குள் நின்று ஆடிய ஆட்டம்தான் அது. ஆனாலும் இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் விளாசோவின் பக்கமே சாய்கிறது. வலிமை குறைந்து அவர் தோற்கவில்லை, எதிராளியின் முகத்தைத் தப்பாகப் படித்துத் தோற்றார்.

அதன்பின் 1967-இல் பிரஸ்ஸில் 199 கிலோ தூக்கி இன்னொரு உலகச் சாதனை படைத்தாரே தவிர, ஒலிம்பிக் பக்கம் மறுபடி போகவில்லை. எழுத்தாளரானார்; யெனானில் தந்தை எழுதிய நாட்குறிப்புகள் 1973-இல் நூலாக வெளிவர உழைத்தார். பல ஆண்டுகள் பளுவைத் தாங்கிய முதுகெலும்பு கடுமையாகப் பாதிக்கப்பட்டு அறுவைச் சிகிச்சை வரை போயிற்று. அதிலிருந்தும் விடாப்பிடியான உடற்பயிற்சியாலேயே தம்மை மீட்டுக்கொண்டார்.

1989-ஆம் ஆண்டு மே 31 அன்று சோவியத் மக்கள் பிரதிநிதிகள் பேரவையில், நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, சோவியத் இரகசியப் போலீஸான கே.ஜி.பி. எந்தக் கட்டுப்பாட்டுக்கும் அடங்காத அமைப்பாகிவிட்டது என்று அவர் வெளிப்படையாகச் சாடினார். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லவே மக்கள் அஞ்சிய காலம் அப்போதுதான் விலகத் தொடங்கியிருந்தது. ரோமில் தூக்கிய 202.5 கிலோவைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிற்காலத்தில் அவர் கடும் தேசியவாதத்தின் பக்கம் சாய்ந்ததையும், 1996 ரஷ்ய அதிபர் தேர்தலில் நின்று ஒரு சதவீத வாக்குகூடப் பெறாததையும் மறைக்க வேண்டாம். அந்த அரசியலை என்னால் ஏற்க முடியவில்லை. 2021 பிப்ரவரியில், 85-ஆம் வயதில் அவர் காலமானார். ஜபோதின்ஸ்கி செய்தது சூழ்ச்சியா, சாமர்த்தியமா என்பதில் நீங்கள் என்னோடு மாறுபடக்கூடும். அதைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்