பாடப்புத்தகத்தில் பென்சில் குறிகள்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

"புத்தகம் பூரா கிறுக்கி வைத்திருக்கிறான், டீச்சர் கண்டிக்கவே மாட்டார்களா?" என்று சென்ற கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். அந்தக் கிறுக்கலில் பாதிக்கு மேல் நாங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். ஆறாம் வகுப்பிலிருந்து மேலே எல்லாப் பிள்ளைகளும் தங்கள் சொந்தப் பாடப்புத்தகத்தில் பென்சிலால் குறியிட்டுப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். காரணத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும் அல்லவா?

நேரில் பேசும்போது குரலும் முகமும் துணைக்கு வருகின்றன. எழுத்துக்கு அந்தத் துணை இல்லை. அதனால்தான் எழுத்தோடு கூடவே குறிகளும் வளர்ந்தன. பழைய ஓலைச்சுவடிகளில், ஓலை கிழிந்துவிடக் கூடாதென்று, மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. எழுதியிருப்பது 'எரி'யா 'ஏரி'யா என்று படிப்பவர்தான் இடம் பார்த்து முடிவுகட்ட வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறிலையும் நெடிலையும் வடிவத்தில் பிரித்துக் காட்டியதால்தான் இன்று நமக்கு அந்தச் சிரமம் இல்லை. கணக்கிலும் இதே கதைதான். 'இதற்கு இது சமம்' என்று ஒவ்வொரு முறையும் சொல்லால் எழுதி அலுத்துப்போன ராபர்ட் ரெக்கார்டு என்ற கணித அறிஞர், 1557இல் வெளியிட்ட தன் நூலில் இரண்டு இணைகோடுகளைப் போட்டார். இவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்று காரணமும் எழுதினார்.

நீங்களும் தினமும் இதைச் செய்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் கிண்டலாக ஒன்றை எழுதிவிட்டு, தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று ஒரு சிரிப்பு முகத்தையும் சேர்த்து அனுப்புகிறோமே! 1982இல் ஸ்காட் ஃபால்மன் என்ற கணினிப் பேராசிரியர் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரிப்பு முகமாக்கிக்கொள்ளலாம் என்று சொன்னதும், சகாக்களின் வேடிக்கைப் பேச்சைச் சிலர் நிஜமென்று நம்பியதால்தான்.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அறிவியல் புத்தகம். காற்று வீசினால் நீர் விரைவாக ஆவியாகும் என்ற வரிக்குக் கீழே கோடு. ஓரத்தில் 'சூடே இல்லாமலா?' என்று ஒரு கேள்வி. அடுத்த பத்தியிலிருந்து அந்தக் கேள்விக்கு ஓர் அம்புக்குறி, பக்கத்தில் ஒரு டிக். சந்தேகம் எங்கே வந்தது, எங்கே தீர்ந்தது என்பது அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. தேர்வு வைக்காமலே ஆசிரியருக்கு இது தெரிந்துவிடுகிறது.

இன்னொரு புத்தகத்தில் பக்கம் முழுக்க மஞ்சள் மை. எது முக்கியம் என்று கேட்டால், "எல்லாமே சார்" என்கிறான். இதை நாங்கள் ஊக்குவிக்கவில்லை. ஹைலைட்டர் வாங்கித் தர வேண்டாம். பென்சில் போதும். முக்கியமானதற்குக் கோடு, புரியாததற்குக் கேள்விக்குறி, ஒன்றோடொன்று தொடர்புடையதற்கு அம்பு, ஓரத்தில் சொந்த வார்த்தையில் இரண்டொரு சொல். பிள்ளைகள் தாங்களே புதுக் குறி உண்டாக்கினால் தடையில்லை. ஆனால் அதன் பொருளைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். தேர்வுக்கு முந்தின நாள், அந்த நட்சத்திரம் எதற்குப் போட்டோம் என்று விழிப்பதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று.

நூலகப் புத்தகத்தில் மட்டும் எந்தக் குறியும் கூடாது. துண்டுத்தாள் வைத்து எழுதட்டும். தம்பி தங்கைக்குப் போக வேண்டிய புத்தகமென்றால் அழுத்தாமல் எழுதச் சொல்லுங்கள், அழித்துக்கொள்ளலாம்.

நோட்டுத் திருத்துவதிலும் ஒரு மாற்றம். எழுத்துப்பிழை உள்ள வரிக்கு நேரே ஓரத்தில் 'எ.பி.' என்று மட்டும் ஆசிரியர் எழுதுவார். எந்தச் சொல்லில் பிழை என்று பிள்ளையே தேடித் திருத்த வேண்டும். ஆசிரியர் சரியாகத் திருத்தவில்லை என்று நினைத்து, தயவுசெய்து நீங்கள் திருத்திக் கொடுத்துவிடாதீர்கள்.

குறிகளின் விளக்கத்தாள் திங்களன்று பிள்ளைகளிடம் வரும். நோட்டின் உள்ளட்டையில் ஒட்டிக் கொடுங்கள். வீட்டில் புத்தகத்தைப் புரட்டும்போது, டிக் விழாமல் நிற்கும் கேள்விக்குறி கண்ணில் பட்டால், "இதை டீச்சரிடம் கேட்டாயா?" என்று மட்டும் கேளுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்