பதிவேட்டையும் கணினியையும் சேர்த்தே சுமக்கும் செவிலியர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைகள் கணினிமயமாவதைப் பற்றிய செய்திகளில் மென்பொருளும் மருத்துவர்களும் இடம்பெறும் அளவுக்கு, அந்த விவரங்களை இரவு பகலாகப் பதிவு செய்யும் செவிலியர்கள் இடம்பெறுவதில்லை. செவிலியர் கல்லூரியில் நெடுங்காலம் பாடம் நடத்தி, மாணவியரை வார்டுகளுக்கும் கிராமங்களுக்கும் அழைத்துச் சென்றவள் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் கணினிக்கு எதிரானவள் அல்ல. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கண்காணிக்கும் அரசின் பிக்மி மென்பொருளில் ஒரு கர்ப்பிணியைப் பதிவு செய்யும்போது கிடைக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். (தாய் சேய் நல) எண், அவர் பிரசவத்துக்குத் தாய்வீடு போனாலும் அவருடன் போகிறது. ஐந்தாம் மாதத்தில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்திருந்ததை, அவரை முன்பின் பார்த்திராத வேறு மாவட்டத்துக் கிராம சுகாதார செவிலியரும் தெரிந்துகொண்டு சிகிச்சையைத் தொடர முடிகிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரும் வழக்கமுள்ள நம் ஊரில் இது சாதாரண உதவி அல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும், வீட்டு வாசலில் பார்க்கப்படும் சர்க்கரை அளவும் ரத்த அழுத்தமும் பதிவாவதால்தான் அடுத்த மாதம் யாருக்கு மாத்திரை போய்ச் சேர வேண்டும் என்பது தெரிகிறது.

குறை எங்கே என்றால், கணினி வந்த பிறகும் பதிவேடு போகவில்லை. கிராமத்தில் ஒரே தாயின் விவரத்தை நோட்டில் ஒருமுறை, கைபேசியில் ஒருமுறை, மாத அறிக்கையில் மறுபடியும் ஒருமுறை எழுத வேண்டியிருக்கிறது. வார்டிலோ இதன் விளைவு இன்னும் கவலைக்குரியது. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் படுக்கை படுக்கையாகச் சென்று நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்து, துண்டுத்தாளிலோ உள்ளங்கையிலோ குறித்துக்கொண்டு, கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு, வார்டின் ஒரு மூலையில் இருக்கும் ஒரே கணினி காலியாகும்போது அத்தனையையும் சேர்த்து ஏற்றுகிறார். பிறகு திரையைப் பார்த்தால் வார்டில் உள்ள எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ரத்த அழுத்தம் பார்த்ததாகவே இருக்கும். அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிக்கு அழுத்தம் இறங்கத் தொடங்கியது நான்கு மணிக்கா ஐந்தரைக்கா என்பது உயிரைத் தீர்மானிக்கும் கேள்வி. அதற்குப் பதில் சொல்லவேண்டிய பதிவே தவறான நேரத்தைக் காட்டுகிறது. முந்தைய ஷிப்டின் குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டும் பழக்கமும் நேரமின்மையால் வருவதுதான். முதல் நாளே எடுத்துவிட்ட சிறுநீர்க் குழாய் மறுநாள் குறிப்பிலும் இருப்பதாகவே தொடர்வதை மாணவியருடன் நின்று பார்த்திருக்கிறேன். இதற்காகச் செவிலியரைக் கடிந்துகொள்வது நியாயமாகாது.

கல்வியின் பக்கம் வருகிறேன். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தைத் திருத்தி செமஸ்டர் முறையைக் கொண்டுவந்தபோது, செவிலியப் பணியில் கணினித் தகவல்களைக் கையாளக் கற்பிக்கும் செவிலியத் தகவலியலையும் ஒரு பாடமாகச் சேர்த்தது வரவேற்கத்தக்கது. ஆனால் அந்தப் பாடத்தைத் தட்டச்சும் படக்காட்சி தயாரிப்பும் கற்பிக்கும் வகுப்பாகவே நடத்தி முடித்துவிடும் கல்லூரிகள் இருக்கின்றன. பயிற்சிக்குப் போகும் வார்டில் மாணவிக்கென்று தனிக் கடவுச்சொல் கிடையாது. பணியில் இருக்கும் அக்காவின் கடவுச்சொல்லில் நுழைந்து பதிவு செய்கிறாள். அவள் செய்ததெல்லாம் அந்த அக்கா பெயரில் ஏறுகிறது. பதிவுக்குப் பொறுப்பேற்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம் என்று வகுப்பில் சொல்லிவிட்டு, வார்டில் அதற்கு நேர்மாறானதைப் பழக்குகிறோம்.

கருவி சொல்வதைச் சரிபார்க்கும் பழக்கமும் படிக்கும்போதே வர வேண்டும். பல்ஸ் ஆக்சிமீட்டர் கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் அளவை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதை 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வு எடுத்துக்காட்டியது. கருநிறத் தோலுள்ளவர்கள் நிறைந்த நம் வார்டுகளில் இதைச் சொல்லித்தராமல் இருக்க முடியாது. 2017-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கணினியுடன் இணைந்த மருந்து அலமாரியில் மருந்தின் வணிகப் பெயரில் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டிய ஒரு செவிலியர், பதற்றம் தணிக்கும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தை எடுத்துச் செலுத்தியதில் நோயாளி இறந்தார். தேடிய மருந்து வணிகப் பெயரில் அல்லாமல் பொதுப்பெயரில் இருந்ததால் திரையில் வரவில்லை. கட்டுப்பாட்டை மீறித் திறக்கும் வசதியைப் பயன்படுத்தித்தான் அலமாரி திறக்கப்பட்டது. 2022-ல் நீதிமன்றம் அந்தச் செவிலியரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. எச்சரிக்கைகளைக் கவனிக்காமல் விட்டது அவர் தவறுதான். அதே வேளையில், அவசரத்தில் இருக்கும் கைகளுக்கு ஏற்றபடி இயந்திரம் அமைக்கப்பட்டிருந்ததா என்ற கேள்வியை உலகெங்கும் செவிலியர்கள் எழுப்பினார்கள். நம் ஊரில் இப்படிப்பட்ட மென்பொருளை வாங்கும் குழுவில் வார்டில் வேலை பார்க்கும் செவிலியர் ஒருவராவது இருக்க வேண்டாமா?

எனவே மக்கள் நல்வாழ்வுத் துறையையும் மருத்துவப் பல்கலைக்கழகத்தையும் கேட்டுக்கொள்வது இதுதான்: கணினியில் பதிவாகும் எந்த விவரத்துக்கும் அதே விவரத்துக்கான கைப்பதிவேட்டை, மின்தடை நேரத்துக்கான ஓர் எளிய படிவம் நீங்கலாக, அரசாணை மூலம் நிறுத்த வேண்டும். மூலையில் இருக்கும் கணினிக்குப் பதிலாகப் படுக்கை அருகே தள்ளிச் செல்லும் கணினியோ டேப்லெட்டோ ஒவ்வொரு வார்டுக்கும் தர வேண்டும். செவிலிய மாணவியருக்குத் தனி நுழைவுக் கணக்கு வழங்கி, அவர்கள் செய்யும் பதிவை மூத்த செவிலியர் பார்த்து ஒப்புதல் தரும் முறையை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கல்லூரி ஆசிரியை,
மதுரை