ராத்திரி எப்படிப் போகிறது என்றும் கேளுங்கள், டாக்டர்

முதுகுவலிக்கு ஓ.பி.யில் வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் தையல் தொழில் செய்கிறவள். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறேன். கீழ்முதுகு வலி வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இதுவரை நாலு டாக்டர்களிடம் காட்டிவிட்டேன். எல்லோரும் அக்கறையாகத்தான் பார்த்தார்கள். குனியச் சொன்னார்கள், காலைத் தூக்கச் சொன்னார்கள், "பத்துக்கு எத்தனை வலி?" என்றார்கள். ராத்திரி தூங்குகிறீர்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. வலிக்கு வந்த இடத்தில் தூக்கத்தைப் பற்றி என்ன பேச்சு என்று இருந்துவிட்டேன்.

உங்கள் எதிரில் நான் உட்காருவது காலை பதினோரு மணிக்கு. அதற்குள் நடந்து, பஸ் ஏறி, வரிசையில் நின்று முதுகு கொஞ்சம் இளகியிருக்கும். ராத்திரி இரண்டரை மணிக்கு அதே முதுகைப் பார்க்க வேண்டும் நீங்கள். அந்நேரம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் புரள்வதே தனி வேலை. முதலில் முழங்கால் இரண்டையும் மடக்கணும். கட்டில் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்ளணும். தோளும் இடுப்பும் சேர்ந்தாற்போல் திரும்பணும். ஒன்று முந்தினால் சுரீர் என்று பிடிக்கும். இது முடிவதற்குள் தூக்கம் சுத்தமாகக் கலைந்துவிடும். அப்புறம் பால்காரர் மணி அடிக்கிற வரைக்கும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

வலி தீர்ந்தால் தூக்கம் தானாக வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் சொல்லித்தான் இது இரண்டு பக்கமும் ஓடுகிற வண்டி என்று தெரிந்தது. வலியே இல்லாத ஆட்களைத் தூங்கவிடாமல் வைத்துச் சோதித்தால், முந்தைய நாள் தாங்கிய அதே சூடு மறுநாள் கூடுதலாகச் சுடுகிறதாம். சொல்லப்போனால் தூக்கம் கெட்டால் வலி கூடும் என்பதற்குத்தான், வலியால் தூக்கம் கெடும் என்பதைவிட ஆய்வுகளில் வலுவான ஆதாரம் இருக்கிறதாம். இதெல்லாம் நீங்கள் படித்ததுதான். சீட்டில் மட்டும் ஏனோ வருவதில்லை.

நாலாவது டாக்டர் அனுப்பிய இடத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் இருந்தார். அவர்தான் முதலில் கேட்டார்: "அக்கா, ராத்திரி எத்தனை தடவை முழிப்பு வருது? எழுதி வைங்க." தனி நோட்டு எதற்கு என்று அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுத ஆரம்பித்தேன். முன்னால் மார்பு 36, தோள் 14½, கை நீளம் 10. பின்னால் 1.10 முழிப்பு, 2.40 முழிப்பு, 4.15 எழுந்து உட்கார்ந்தேன். இரண்டு வாரம் எழுதியபின் கூட்டிப் பார்த்தால், படுக்கையில் கிடந்தது பத்து மணி நேரம், தூங்கியது ஐந்துகூட இல்லை. முதுகுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று எட்டு மணிக்கே படுத்ததுதான் நான் செய்த தப்பு. இப்போது பதினொன்றுக்குப் படுக்கிறேன், தூங்கினாலும் தூங்காவிட்டாலும் ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறேன். தூக்கம் வராவிட்டால் கட்டிலில் கிடக்காமல் முன்னறையில் போய் உட்காருகிறேன். மாத்திரை இல்லாத இந்த மாதிரிப் பயிற்சியைத்தான் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க டாக்டர்கள் சங்கம் ஒன்று 2016-லேயே சொல்லியிருக்கிறது என்றாள் மகள். ஒருக்களித்துப் படுக்கும்போது பழைய புடவையைச் சுருட்டி முழங்கால்களுக்கு நடுவே வைப்பது பிசியோதெரபிஸ்ட் சொன்னது. வலி போய்விடவில்லை. ஆனால் ஒரே தூக்கமாக நாலு மணி நேரம் போகிற நாள்கள் வருகின்றன. மறுநாள் மெஷினில் உட்காரும்போது வித்தியாசம் தெரிகிறது.

இன்னொன்று. "மெத்தையைத் தூக்கிப் போடுங்க, கட்டாந்தரையில் படுங்க" என்று இன்றும் சொல்கிறீர்கள். ஒரு வருஷம் பாயில் படுத்து, காலையில் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தவள் நான். ஸ்பெயினில் நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரிடம் கெட்டி மெத்தையையும் நடுத்தரக் கெட்டி மெத்தையையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2003-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. 90 நாள் கழித்து நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. பாய் அதில் இல்லைதான். இருந்தாலும் கெட்டியாக இருந்தால்தான் முதுகுக்கு நல்லது என்ற பேச்சை இனி விட்டுவிடலாம்.

எனக்காக மட்டும் இதை எழுதவில்லை. என் அண்ணன் மகனுக்கு இருபத்தேழு வயது. பைக் ஓட்டுவதால் வருகிற வலி என்று இரண்டு வருஷம் தைலமும் பெல்ட்டுமாக ஓட்டினான். விடிகாலை மூன்று, நாலு மணிக்கு வலியால் எழுந்துவிடுவான். காலையில் ஒரு மணி நேரம் முதுகு மரக்கட்டை மாதிரி இருக்கும். நடந்தால் குறையும், படுத்தால் கூடும். வழக்கமான முதுகுவலி இப்படி இருக்காது என்று உங்களுக்கே தெரியும். இதை யாராவது முதல் நாளே கேட்டிருந்தால், முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி வந்து இறுகிப்போகிற அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோய் என்று கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆகியிருக்காது.

உங்கள் அறைக்கு வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தெரியும். நானும் அதில் நிற்கிறவள். தூக்கத்தை அளக்க அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 1989-ல் போட்ட 19 கேள்விகளை எங்களிடம் கேட்கச் சொல்லவில்லை. மூன்று போதும். ராத்திரி எத்தனை தடவை முழிப்பு? முழித்தால் வலி புரண்டு படுத்தால் அடங்குகிறதா, எழுந்து நடந்தால்தானா? காலையில் விறைப்பு எவ்வளவு நேரம்? ஓ.பி. சீட்டில் வலி மார்க் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவிடலாம்.

அடுத்த மாதம் எனக்கு ரிவியூ இருக்கிறது. அளவு நோட்டையும் எடுத்து வருகிறேன். கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுங்கள். முன்பக்கம் எல்லாம் ஜாக்கெட் அளவு.

இப்படிக்கு,
உங்கள் ஓ.பி. வரிசையில் நிற்கும் ஒரு தையல்காரி